குளோசிங் ஸ்டாக்கில் ஒரு புலிக்குட்டி

'பையன் வேலியைப் பிடுங்கிப் போட்டுட்டு, சிங்கத்தை ஜனங்க மேல ஏவி விடறான் சார். அவங்க அலறிக்கிட்டு ஓடறதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். டாக்டர்கிட்ட காட்டணுமா?'

இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், என்னிடம் கேட்ட அப்பா அம்மாக்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். பயப்படாதீர்கள், நிஜ சிங்கம் இல்லை. கம்ப்யூட்டர் சிங்கம். ஜனங்களும் கம்ப்யூட்டர் ஜனங்கள். விளையாட்டின் பெயர் 'ஜூ டைகூன்'. தமிழில் சொன்னால், மிருகக்காட்சி சாலை முதலாளி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2001-ல் ப்ளூ ஃபேங் என்ற அமெரிக்க கம்பெனி தயாரித்து, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டு இது. உங்களுக்கு ஒரு காலி நிலமும் கொஞ்சம் பணமும் தருவார்கள். வேலி போட வேண்டும், மிருகம் வாங்க வேண்டும், மரம் நட வேண்டும், பராமரிக்க ஆள் வைக்க வேண்டும். நடுவில் ஐஸ்க்ரீம் கடை, கழிப்பறை, உட்கார பெஞ்ச். கூட்டம் வரும், டிக்கெட் காசு விழும், அந்தக் காசில் அடுத்த மிருகம். 2004-ல் இரண்டாம் பாகம் வந்தது. 2011-ல் ப்ளூ ஃபேங் கடையைக் கட்டிவிட்டது. ஆனால் விளையாட்டு சாகவில்லை. இங்கிலாந்தின் ஃப்ரான்டியர் கம்பெனி 2013-ல் அதே பெயரில் புதிதாக ஒன்றைச் செய்தது. அதே ஃப்ரான்டியர் 2019 நவம்பரில் 'ப்ளானெட் ஜூ' என்று அச்சு அசலாக முடி அசைகிற, மூச்சு விடுகிற மிருகங்களோடு இன்னொன்றைக் கொண்டு வந்தது. அன்று சி.டி. போட்டு ஆடிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தருகிறார்கள்.

ஏன் வாங்கித் தருகிறார்கள்? ஏனென்றால் இது 'குடும்பத்தோடு ஆடலாம்' ரகம். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, அரைகுறை ஆடை இல்லை. 'மிருகங்களைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சுக்கிறான்' என்ற திருப்தி வேறு. அந்தத் திருப்தியில் ஒரே கரும்புள்ளி, பிள்ளை அவ்வப்போது வேலியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கத்தை வெளியே விடுவது.

அந்தப் பெற்றோருக்கெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். சிங்கம் மனுஷனைக் கடித்தால் விட்டுவிடுங்கள். அந்த விளையாட்டிலேயே நேர்மையான நிமிஷம் அதுதான்!

முறைக்காதீர்கள். வேலி இல்லாவிட்டால் சிங்கம் சிங்கமாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. அதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறான். இன்னொன்றும் பார்க்கிறான். பழைய ஜூ டைகூனில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு 4-ஐத் தட்டினால், அதாவது டாலர் குறி இருக்கிற அந்த விசையைத் தட்டினால், உழைக்காமல் 10,000 டாலர் கஜானாவில் விழும். அதற்குத் தண்டனையாக எங்கோ ஒரு வேலி பழுதாகும். சும்மா வருகிற காசு வேலியை உடைக்கும் என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. இதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. அந்தக் கம்ப்யூட்டர் மிருகத்தின் தலைக்கு மேலே மிதக்குமே, பச்சை நிறத்தில் சிரிக்கிற ஒரு குட்டி முகம், அதற்கு.

சரியான மரத்தை வைத்தால் பச்சை முகம். தப்பான மரத்தை வைத்தால் சிவப்பு முகம். புலிக்கு இத்தனை பங்கு புல், இத்தனை பங்கு தண்ணீர், நாலு பாறை. கணக்காக வைத்துவிட்டால் புலிக்குப் பரம சந்தோஷம். ஆக, மிருகத்தின் சந்தோஷம் என்பது ஒரு ஷாப்பிங் லிஸ்ட். காசு இருந்தால் வாங்கிவிடலாம். சிறை என்ற சங்கதியே அங்கே கிடையாது. கூண்டு பிரச்னை இல்லை, கூண்டுக்குள் இருக்கிற ஃபர்னிச்சர்தான் பிரச்னை!

நிஜத்தில் அப்படியா? 2003-ல் 'நேச்சர்' இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். காட்டில் ரொம்ப தூரம் சுற்றுகிற மாமிச பட்சிணிகள்தான் கூண்டில் அதிகம் சீரழிகின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பதும், குட்டிகள் சீக்கிரம் செத்துப்போவதும் அந்த ஜாதிகளிடம்தான் அதிகம். ஒரு பனிக்கரடிக்கு மிருகக்காட்சி சாலை கொடுக்கிற இடம், காட்டில் அது குறைந்தபட்சமாகச் சுற்றுகிற பரப்பில் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் ஒரு பங்கு! இதில் எத்தனை பாறை வைத்தால் என்ன, என்ன மரம் நட்டால் என்ன?

அதே கிளப் குழுவினர் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் யானைக் கணக்கு எடுத்தார்கள். கென்யாவின் அம்போசெலியில் மனுஷன் கொல்லாமல், இயற்கையாக வாழ்ந்து சாகிற ஆப்பிரிக்கப் பெண் யானையின் சராசரி ஆயுள் 56 வருஷம். ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த அதே ஜாதிப் பெண் யானைக்கு? 16.9 வருஷம். வேளாவேளைக்குச் சாப்பாடு, டாக்டர், மருந்து, காவல் எல்லாம் இருந்தும் இதுதான் லட்சணம்.

நம் ஊர் மிருகக்காட்சி சாலையிலும் பார்த்திருப்பீர்கள். கூண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு புலியோ சிறுத்தையோ, அதே இடத்தில் திரும்பி, அதே தடத்தில் கால் வைத்து, மணிக்கணக்காக நடக்கும். தரையில் புல்கூட முளைக்காமல் ஒரு கோடு விழுந்திருக்கும். 'பாருடா கண்ணா, புலி வாக்கிங் போகுது' என்று அப்பா சொல்வார். பிள்ளை கை தட்டுவான். அது வாக்கிங் இல்லை சார். அந்தப் புலியின் தலைக்கு மேலே பச்சை முகமோ சிவப்பு முகமோ மிதக்காததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். விளையாட்டு என்றால் கொஞ்சம் எளிமைப்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் மன்னிக்கவே முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. அது கணக்கு சம்பந்தப்பட்டது.

நான் படித்தது பி.காம். மூணு வருஷத்தில் படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. மறக்காத ஒன்று, டிரேடிங் அக்கவுண்ட். வருஷ ஆரம்பத்தில் கையில் இருந்த சரக்கு, ஓபனிங் ஸ்டாக். அதோடு வாங்கியதைக் கூட்டு, விற்றதைக் கழி. வருஷக் கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டுமோ அது குளோசிங் ஸ்டாக். குடோனுக்குப் போய் எண்ணிப் பார்க்கும்போது அந்த எண்ணிக்கை வரவில்லை என்றால், ஒன்று எவனோ திருடிவிட்டான், இல்லையென்றால் கணக்கு எழுதினவன் பொய் சொல்கிறான். மூன்றாவதாக ஒரு காரணம் கிடையாது.

பி.காம். படித்தவன்தான் என்றில்லை. நம் பாட்டிமாருக்கும் இது தெரியும். பல்லாங்குழியில் ஒரு சோழி குறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பாயை உதறுவார்கள். 'எங்கேடி போச்சு ஒண்ணு?' கிடைக்கும் வரை அடுத்த ஆட்டம் கிடையாது.

இப்போது மிருகக்காட்சி சாலை விளையாட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். ஒரு ஜோடிப் புலி வாங்குகிறீர்கள். பச்சை முகம் வருகிறது. குட்டி போடுகிறது. குட்டி என்றால் கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும், வருமானம் எகிறும். இன்னும் குட்டி. சரி, அந்தக் குட்டிகளெல்லாம் வளர்ந்த பிறகு?

பேப்பரும் பென்சிலும் எடுங்கள். மூணு வருஷத்துக்கு ஒரு தரம் மூணு குட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருஷத்தில் 9 குட்டி. அப்பா அம்மாவோடு 11 புலி. எல்லாம் வளர்ந்தபின் தலைக்குத் தினம் 6 கிலோ மாமிசம் என்றால் 66 கிலோ. வாரத்தில் ஒரு நாள் மாமிச பட்சிணிகளைப் பட்டினி போடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் கழித்தாலும் வருஷத்துக்கு 20 டன்னுக்கு மேல். பெரிய புலிகளை ஆட்டு மந்தை மாதிரி ஒரே பட்டியில் அடைக்க முடியாது, தனித்தனி இடம் வேண்டும். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். இதெல்லாம் ஒரே ஒரு ஜோடிக்கு! அந்தப் பிள்ளைகள் பெற்றுப்போடும் பேரன் பேத்தியை நான் சேர்க்கவே இல்லை.

விளையாட்டில் இதற்கு என்ன வழி? ஒரு பொத்தான். பழைய ஜூ டைகூனில் மிருகத்தைத் தூக்கி விற்றுவிடலாம். யாருக்கு விற்றீர்கள், எங்கே போனது, அங்கே என்ன ஆனது? கேள்வியே கிடையாது. திரையிலிருந்து மறையும், காசு ஏறும். அடுத்தடுத்து வந்த விளையாட்டுக்காரர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது போலும். அழகான வேறொரு பொத்தான் வைத்தார்கள். 'காட்டில் விடு!' அழுத்தினால் மிருகம் சுதந்திரமாகக் காட்டுக்குப் போய்விடும். உங்களுக்குப் புண்ணியம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ப்ளானெட் ஜூ பழையதைவிட எவ்வளவோ மேல். அங்கே மிருகத்தை மோசமாக வைத்தால் போர்டு பிடித்துக்கொண்டு போராட ஆள் வருவார்கள். அண்ணன் தங்கைக்குள் குட்டி பிறந்தால் வம்சம் நலியும் என்று எச்சரிக்கும். கருத்தடை வசதிகூட உண்டு. ஒவ்வொரு மிருகத்தைப் பற்றியும் உருப்படியான தகவல் தரும். செய்தவர்கள் மிருகங்களை நேசிக்கிறவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் காட்டில் விட்ட புண்ணியத்துக்குச் சம்பளம் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்கள். ஒரு மிருகத்தைக் காட்டில் விட்டால் 'வனப் பாதுகாப்புப் புள்ளி' கிடைக்கும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் நல்ல மிருகங்களை வாங்க முடியும். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? வார்த்தாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி சீக்கிரம் பெருகும் என்று கண்டுபிடித்தார்கள். நெருப்புக்கோழியும் அப்படியே. விளையாட்டு வெளியான புதிதில் உலகம் முழுக்கப் பன்றிப் பண்ணைகள்தான்! குட்டி போட வை, வளர்ந்ததும் காட்டில் விடு, புள்ளி வாங்கு, மறுபடி குட்டி. வனப் பாதுகாப்பு என்று எழுதியிருந்த நாணயத்தை அச்சடிக்கிற மெஷினாக ஆகிப்போனது ஒரு மிருகம். எதை அளக்கிறாயோ அதை மட்டுமே ஜனங்கள் செய்வார்கள் என்பது வியாபாரம் படித்தவன் எவனுக்கும் தெரிந்த பால பாடம். மார்க்குக்காகப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை.

சரி, நிஜ உலகத்தில் அந்த 'காட்டில் விடு' பொத்தான் எங்கே இருக்கிறது?

கோபன்ஹேகன் மிருகக்காட்சி சாலையில் மாரியஸ் என்று ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. இரண்டு வயசு, ஒரு நோய் நொடி இல்லை. 2014 பிப்ரவரி 9-ம் தேதி அதைக் கொன்றார்கள். காரணம், அதன் ரத்த சொந்தங்கள் ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் ஏற்கெனவே நிறைய இருந்தன. இன்னும் குட்டி போட்டால் வம்சம் நலியும். இங்கிலாந்திலிருந்து ஒரு பூங்கா 'எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்டது. கொடுக்கவில்லை. கொன்று, குழந்தைகள் உட்பட எல்லோரும் பார்க்க அறுத்து, மாமிசத்தைச் சிங்கத்துக்குப் போட்டார்கள். உலகம் கொதித்தது. அடுத்த மாதமே, புது ஆண் சிங்கம் வருகிறது என்று அங்கேயே நாலு சிங்கங்களையும் கொன்றார்கள்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் ஜெர்மனியின் நியூரம்பர்கில் 12 பபூன் குரங்குகளைக் கொன்றார்கள். 25 குரங்குக்குக் கட்டிய இடத்தில் 40-க்கு மேல் ஆகிவிட்டது. வேறு இடம் தேடினார்கள், கருத்தடை முயன்றார்கள், ஒன்றும் சரிவரவில்லை. வாசலில் போராட்டம் நடக்க நடக்கவே காரியம் முடிந்தது.

இந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. பிறக்க விட்டது நீ, கூட்டம் சேர்த்தது நீ, டிக்கெட் கிழித்தது நீ. இடம் இல்லை என்று சொல்லும்போது மட்டும் தப்பு குரங்கு மேலா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபன்ஹேகன்காரன் கணக்கை மறைக்கவில்லை. மிச்சம் எங்கே போனது என்பதை வெளிச்சத்தில் வைத்து, 'பார்த்துக்கொள்' என்றான். அங்கே வந்திருந்த குழந்தைகள் பார்த்தது ரத்தம்தான், பொய் இல்லை. நம் குழந்தைகளுக்கு நாம் 'குடும்ப விளையாட்டு' என்று கொடுப்பதில் ரத்தம் இல்லை. பொய் இருக்கிறது.

'என்ன சார், மிருகக்காட்சி சாலையில் வளர்த்துக் காட்டில் விட்டதே இல்லையா?' என்று சிலர் கேட்பார்கள். உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்று நீண்ட கொம்போடு ஒரு வெள்ளை மான் இனம். காட்டில் மிஞ்சியிருந்த கடைசி மான்களையும் 1972-ல் வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையில் சிலவற்றை வைத்துப் பெருக்கியிருந்ததால் இனம் தப்பியது. 1982-ல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். நிஜமான சாதனை, கைகுலுக்கலாம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1996-ல் அங்கே 450 ஓரிக்ஸ். வேட்டை மறுபடி ஆரம்பித்தது. அந்த நிலத்தில் எண்ணெய் இருப்பதும் தெரியவந்தது. சரணாலயத்தின் பரப்பில் 90 சதவிகிதத்தை அரசாங்கமே வெட்டிவிட்டது. ஓரிக்ஸ் எண்ணிக்கை 65-க்கு வந்தது. 2007-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்தப் பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

புரிகிறதா? 'காட்டில் விடு' பொத்தானை அழுத்த, முதலில் காடு வேண்டும். விளையாட்டில் அந்தக் காடு திரைக்கு வெளியே எங்கோ, எல்லையில்லாமல், எப்போதும் இடம் காலியாக, இலவசமாக இருக்கிறது. வார்த்தாக் எத்தனை ஆயிரம் அனுப்பினாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. இதைவிடப் பெரிய பொய்யைப் பத்து வயசுப் பிள்ளைக்கு யாராவது சொல்ல முடியுமா?

நம் நாட்டுக்கு வருவோம். ஐரோப்பாவில் மாதிரி ஆரோக்கியமான சிங்கத்தையோ புலியையோ 'இடம் இல்லை' என்று கொல்லும் வழக்கம் இங்கே கிடையாது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்கு நம்மையும் விடவில்லை.

சண்டிகர் பக்கத்தில் சத்பீர் மிருகக்காட்சி சாலை. அங்கே 1980-களில் சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களையும் நம் ஆசியச் சிங்கங்களையும் கலந்து இனப்பெருக்கம் செய்தார்கள். குட்டிகள் பிறக்கப் பிறக்கச் சந்தோஷம். 70, 80 என்று பெருகின. அப்புறம்தான் விழித்தார்கள். கலப்பினம், அதனால் கிர் காட்டுச் சிங்கத்தோடு சேர்க்க முடியாது. ரத்த உறவுக்குள்ளேயே பிறந்ததால் நோய் எதிர்ப்பு சக்தியும் குறைவு. கடைசியில் ஆண் சிங்கங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, இருக்கிறவை தானாக ஆயுள் முடிந்து போகட்டும் என்று விட்டார்கள். ஒரு தலைமுறைச் சிங்கங்களின் வாழ்க்கை, வரிசையில் நின்று சாவதற்குக் காத்திருப்பதாகப் போனது. அவை செய்த பாவம் என்ன? யாரோ குளோசிங் ஸ்டாக் போட மறந்துவிட்டார்.

சர்க்கஸ் கதையும் அதேதான். 1998-ல் மத்திய அரசு சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நல்ல காரியம். உத்தரவு ஒரே பேப்பர்தான். ஆனால் அந்தச் சிங்கங்களை எங்கே வைப்பது? நம் வண்டலூர் உட்பட சில இடங்களில் மீட்பு மையம் அமைத்து, பார்வையாளருக்குக் காட்டாமல், இனப்பெருக்கம் செய்யாமல், கிழமாகிச் சாகும்வரை சோறு போட வேண்டியிருந்தது. வருமானம்? பூஜ்யம். செலவு? தினமும். மிருகத்துக்குச் செய்கிற உண்மையான நல்ல காரியம் இப்படித்தான் இருக்கும். கூட்டம் வராது, ஐஸ்க்ரீம் விற்காது, எந்தப் புள்ளியும் கிடைக்காது. எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு கட்டம் இருக்கிறதா?

இன்னொன்று. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் வண்டலூர் பூட்டிக்கிடந்தது. டிக்கெட் கவுன்டரில் காசு இல்லை. ஆனால் சிங்கத்தின் வயிற்றுக்கு லாக்-டவுன் உண்டா என்ன? சாப்பாட்டுச் செலவு அப்படியேதான் இருந்தது. அந்த ஜூன் மாதம் சிங்கங்களுக்கே தொற்று வந்து, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அடுத்து ஓர் ஆண் சிங்கமும் போனது. விளையாட்டில் 'பாஸ்' போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகலாம். மிருகம் உறைந்து நிற்கும். நிஜத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போதும், பக்கெட்டோடு உள்ளே போயாக வேண்டும்.

'அட, விளையாட்டை விளையாட்டா எடுத்துக்குங்க சார்' என்பீர்கள். எடுத்துக்கொள்வேன், பெரியவர்கள் நாம் இதே விளையாட்டை நிஜத்தில் ஆடாமல் இருந்தால். 1850-களில் சென்னை மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் கர்நாடக நவாபின் மிருகங்களைக் கேட்டு வாங்கி வைத்தார். அவற்றைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1855-ல் சென்னைக்கு மிருகக்காட்சி சாலை வந்தது இப்படித்தான். மிருகம் வந்தால் கூட்டம் வரும் என்ற சூத்திரம் அன்றைக்கே நமக்கு அத்துப்படி. இன்றைக்கும் எந்த ஊர் மிருகக்காட்சி சாலையிலாவது குட்டி பிறந்தால் பேப்பரில் போட்டோ வரும், வி.ஐ.பி. பெயர் சூட்டுவார், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பாகும். நாலு வருஷம் கழித்து அந்தக் குட்டி எங்கே என்று யாராவது கேட்டிருக்கிறோமா? பச்சை முகம் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

இத்தனைக்கும் கணக்கு நம்மிடமே இருக்கிறது. 1992-ல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு மிருகக்காட்சி சாலையிடமும் வருஷா வருஷம் ஒரு படிவம் வாங்குகிறது. என்னென்ன பத்திகள் தெரியுமா? ஏப்ரல் முதல் தேதி ஓபனிங் ஸ்டாக். பிறந்தது. வாங்கியது. வெளியே கொடுத்தது. இறந்தது. மார்ச் 31 அன்று குளோசிங் ஸ்டாக். பி.காம். பாடப்புத்தகம் அப்படியே! முதன்முதலாக அந்தப் படிவத்தைப் பார்த்தபோது, சரக்குக்குப் பதில் 'சிங்கம்' என்று எழுதியிருக்கிறதே என்று கொஞ்சம் முகம் சுளித்தேன். அப்புறம் யோசித்தால், அந்தப் படிவத்தைவிட மரியாதையான பேப்பர் வேறு கிடையாது. ஒரு உயிரும் கணக்கில் வராமல் மறையக் கூடாது என்கிறது அது.

ஆகவே மகாஜனங்களே, விளையாட்டைத் தடை செய் என்று கோஷம் போடப்போவதில்லை. தடை செய்து நாம் எதையும் ஒழித்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்றே விஷயம் கேட்கிறேன்.

விளையாட்டு தயாரிக்கிற புண்ணியவான்களே, அந்த ஆறு பத்திகளையும் திரையில் வையுங்கள். 'காட்டில் விடு' பொத்தானை அழுத்தினால், 'காட்டில் இடம் இல்லை, பத்து வருஷம் காத்திரு' என்று ஒரு தடவையாவது பதில் வரட்டும். விளையாட்டு கஷ்டமாகும். ஆகட்டுமே! ராக்கெட் விடுகிற விளையாட்டைக் கஷ்டமாகச் செய்கிறீர்கள், இதில் மட்டும் என்ன பாயசம்?

மிருகக்காட்சி சாலை நடத்துகிறவர்களே, டெல்லிக்கு அனுப்புகிற அந்தப் படிவத்தை டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். 'மிருகங்களைச் சீண்டாதீர்' போர்டுக்குக் கீழேயே மாட்டலாம். எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, எத்தனையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று டிக்கெட் வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது படிக்கட்டும்.

அப்பா அம்மாக்களே, உங்களுக்கு வேலை ரொம்ப சுலபம். பிள்ளை சிங்கத்தை அவிழ்த்துவிட்டால் பதறாதீர்கள். 'மூணு குட்டி போட்டிருக்குப்பா!' என்று குதித்துக்கொண்டு வருவான் பாருங்கள், அப்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். 'சூப்பர்டா. பெரிசானதும் இதையெல்லாம் எங்கே வைக்கப்போற?' என்று கேளுங்கள். 'வித்துடுவேன்' என்றால், 'யாருக்கு?' என்று கேளுங்கள். 'காட்டுல விட்டுடுவேன்' என்றால், 'எந்தக் காட்டுல?' என்று கேளுங்கள்.

அதே கேள்வியை அடுத்த தடவை பேப்பரில் புலிக்குட்டி போட்டோ வரும்போது நீங்களும் கேளுங்கள். ஒரு போஸ்ட் கார்டு போதும்.